ஈரம் படாத பம்ப் ரூம்

குன்னூர் போகிறேன் என்றதும் ஆபீஸில் ஆளாளுக்கு வர்க்கி பிஸ்கட் வாங்கி வரச் சொன்னார்கள். எதற்குப் போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பம்பு பார்க்கப் போகிறேன் என்று நானாகவே சொன்னேன். "இங்க இல்லாத பம்பா?" என்று சிரித்தார்கள்.

நியாயமான சிரிப்புதான். நான் கோவையில் கணபதிக்காரி. எங்கள் தெருவில் லேத்துச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். ஆனால் எங்கள் ஊர் பம்பு செய்கிற ஊர். செய்து, பெயின்ட் அடித்து, லாரியில் ஏற்றிவிட்டு அடுத்த பம்புக்குப் போய்விடும். போன இடத்தில் அது என்ன பாடு படுகிறது என்று பார்ப்பது என் வேலை. ஓடுகிற பம்பின் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரை ஒட்டுவோம். அதன் சூடும் அதிர்வும் புளூடூத் வழியாகப் போனில் கோடாக வந்துகொண்டே இருக்கும். அதைப் பழைய ரிப்பேர் விவரங்களோடு சேர்த்துப் பார்த்து, இது எப்போது படுக்கும், எதனால் படுக்கும் என்று சொல்ல வேண்டும். சொன்னது பலித்தால் எனக்கு வருகிற சந்தோஷத்தை வெளியே சொன்னால் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கிடைக்கமாட்டான் என்பது அம்மாவின் கவலை.

திங்கட்கிழமை காலை குன்னூரில் தேயிலை எஸ்டேட் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். அரை மணி நேரம் என்றார்கள். பாதி வழியில், ஒரு வளைவில் பஸ் நின்றது. சாலை நடுவே காட்டெருமைகள். ஒன்று படுத்தே இருந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். எங்கள் ஊர் காந்திபுரத்தில் சிக்னல் பச்சையாவதற்கு முன்பே பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள். இங்கே ஒரு பஸ் நிறைய ஆட்கள், ஒரு மாடு அசைபோடுவதைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் இரண்டு முறை எழுந்து எட்டிப் பார்த்தேன்.

"உக்காருங் மேடம். அவசரம்னா எறங்கி நீங்களே அதுகிட்டச் சொல்லிப் பாருங்க" என்றார் கண்டக்டர்.

முன் சீட்டில் இரண்டு பெண்கள் படுக மொழியில் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண்ணிடம் என்ன விஷயம் என்று கேட்டேன். போன வாரம் அவர்கள் தோட்டத்தில் முட்டைக்கோஸ் தின்றது இந்த மாடா, வேறு மாடா என்பது வாக்குவாதம். ஒருத்தி "கொம்பைப் பார், அதேதான்" என்கிறாளாம். மற்றவள், "தின்னும்போது நீ கொம்பையா பார்த்தாய், ஓடித்தானே வந்தாய்" என்கிறாளாம். மாடு எழுந்து போன பிறகும் தீர்ப்பு வரவில்லை.

எஸ்டேட்டின் பெயரை எழுதக் கூடாது என்பது அங்கிருந்த மேனேஜர் போட்ட நிபந்தனை. ஸ்வெட்டரின் எல்லாப் பட்டன்களையும் போட்டிருந்த மனிதர். நாற்காலியைக் காட்டியதும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஓடையில இருந்து மேல் லைனுக்குத் தண்ணி ஏத்தற பம்பு. ஒரு வருஷமா மாசத்துக்கு ரெண்டு தடவை, மூணு தடவை நிக்குது. ஹெட் ஆபீஸ்ல பொறுமை போயிருச்சு. இன்னொரு தடவை நின்னா பம்ப் ரூமைப் பூட்டிட்டு, மேல் லைன் குடும்பங்களைப் பக்கத்து டிவிஷனுக்கு மாத்திடச் சொல்லிட்டாங்க. லெட்டர் டைப் ஆகி ரெடியா இருக்கு. நீங்க பார்க்கறதை இந்த வாரத்துக்குள்ள பாருங்க."

மேல் லைன் என்பது மலையின் மேல்முதுகில் வரிசையாக நிற்கும் முப்பது முப்பத்தைந்து தொழிலாளர் வீடுகள். பக்கத்து டிவிஷன் அடுத்த மலையில் இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடம் இல்லை, பஸ்ஸும் இல்லை. இதை மேனேஜர் சொல்லவில்லை. பம்ப் ரூமுக்கு இறங்கிப் போனபோது அங்கே ஆபரேட்டராக இருந்த செல்வராணி அக்கா சொன்னார்.

அதற்கு முன்னால் அவர் சொன்ன முதல் வார்த்தை, "செருப்பு!"

வாசலிலேயே கழற்றினேன். உள்ளே சிவப்புத் தரை கண்ணாடி போல இருந்தது. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. தண்டு உள்ளே நுழைகிற இடத்தில் அவ்வப்போது ஒரு சொட்டு விழ, அது தரையில் பரவுவதற்குள் அக்கா துணியால் துடைத்தார். இதுவரை நான் நுழைந்த பம்ப் ரூம்களில் ஆயில், எலிப்புழுக்கை, காலி பாட்டில் எல்லாம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சொல்லியும் விட்டேன்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஐம்பதை ஒட்டிய வயது. கைக்குழந்தையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து தூக்கி வரப்பட்டவர். மேனேஜரை இன்னும் துரை என்பார், லைன் வீடுகளை லயம் என்பார்.

"வெள்ளிக்கெழமன்னா தொர ரவுண்டு வருவாங்க மேடம். தரையில வெரல வச்சுப் பாப்பாங்க. வெரல்ல ஈரம் ஒட்டுச்சோ, அன்னிக்கி ஃபேக்டரி மொத்தத்துக்கும் ஏச்சு. நான் வந்ததுலேருந்து ஒட்டுனதில்ல."

தேயிலைக்கு ஈரம் ஆகாது. உலர்த்திச் சலித்த தூள் துளி ஈரம் குடித்தாலும் வாசம் போய்விடும். அதனால் ஃபேக்டரியில் ஈரத்தரை பெரிய குற்றம். அந்தச் சட்டம் படியிறங்கி ஓடைக்கரைப் பம்ப் ரூம் வரைக்கும் வந்திருக்கிறது என்று ரசித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சென்சார்களை ஒட்டிவிட்டு, பழைய ரிப்பேர் விவரம் எங்கே என்று கேட்டேன்.

"எல்லாம் குரூப்புலதான்" என்றார் அக்கா.

அது ஒரு வாட்ஸப் குரூப். பெயர் 'பம்ப் ரூம்'. யாரும் எதையும் எழுதுவதில்லை. எல்லாம் குரல் பதிவு. என்னைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் எஸ்டேட்டில் சிக்னல் கிடையாது. மேலே ஒரு வளைவில், சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால் வரும். அங்கே எப்போதும் நாலு பேர் உட்கார்ந்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரே கூடலூரிலிருந்து வந்தவர் ஒருவரின் டீக்கடை. சிக்னல் அவருடையது போலவே நடந்துகொண்டார். "ஒரு சாயா குடிக்காம ஆரும் இவிடே இருக்கப் பாடில்ல கேட்டோ" என்று மலையாளம் கலந்து முதல் நாளே தடை போட்டுவிட்டார். டீயும் வர்க்கியும் வந்துகொண்டே இருந்தன. வர்க்கி தூள் சென்சார் பெட்டிக்குள்ளெல்லாம் போனது.

ஒரு வருஷக் குரல்கள். காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். நடுநடுவே ரோஜாப்பூவோடு குட்மார்னிங், யாரோ வளைகாப்புப் போட்டோ, காணாமல்போன ஆட்டுக்கு விளம்பரம். அவற்றுக்கிடையே அக்காவின் குரல்: "மணியண்ணே, பம்பு நின்னுருச்சு. கயிறு கருகி வாட அடிக்குது. மேல ஒரு சொட்டு இல்ல. எம் மருமக பச்ச ஒடம்புக்காரி, வெந்நிக்கு என்ன செய்ய?" அதற்கு ஃபிட்டர் மணியண்ணனின் குரல்: "வர்றனுங்க்கா, வர்றனுங்க்கா. ஜீப்பு கெடைக்கோணுமல்ல."

கயிறு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பம்பின் தண்டு சுழல்வது, உடம்பு அசையாமல் நிற்பது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் தண்ணீர் பீறிட்டு வராமலிருக்க, கிரீஸில் ஊறிய பின்னல் கயிற்றை வளையம் வளையமாகத் திணித்து, அதன் மேல் கிளாண்ட் என்கிற மூடியை வைத்து, இரண்டு நட்டுப் போட்டு அழுத்தி வைப்பார்கள். இந்தப் பம்பில் போவதெல்லாம் அந்தக் கயிறுதான். கருகும், அதோடு தண்டு தேயும், மோட்டார் நிற்கும். ஏன் கருகுகிறது என்பதுதான் கேள்வி.

புதன்கிழமை மேல் லைனுக்குப் போனேன். ஜீப் வரவில்லை. கொழுந்து மூட்டை ஏற்றுகிற டிராக்டரில் ஏறினேன். சேற்றில் அது வழுக்கி, பின்சக்கரம் வாய்க்காலில் இறங்கியது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். என் ஷூ ஒன்று சேற்றோடு தங்கிவிட்டது. கொழுந்து பறித்துவிட்டு வந்த ஒரு பெண் அதைத் தடியால் தோண்டி எடுத்துக் கொடுத்து, "கோயமுத்தூர்ல இதுக்கு என்ன வெல?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப அங்கயே கெடந்துருக்கலாம்" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார். எதைச் சொன்னார், ஷூவையா என்னையா தெரியவில்லை.

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து தட்டிய தடித்த ரொட்டி, காரமான சம்பல், சாயத்தண்ணீர் என்று அவர்கள் சொல்லும் பால் விடாத டீ. எங்கள் வீட்டில் அவசரச் சாப்பாடு என்றால் அரிசிம்பருப்புச் சாதம். இவர்கள் ரொட்டி அதைவிட வேகமாக வயிற்றை நிரப்பியது. மூன்றாவதை மறுத்தேன். "மேடம் பம்ப பாக்குறதுக்கு முந்தி ஒங்க ஒடம்ப பாருங்க" என்று தட்டில் வைத்துவிட்டார்.

வாசலில் ஒரே ஒரு பொதுக்குழாய். அதைச் சுற்றிக் குடங்கள். அக்காவின் மருமகள் கைக்குழந்தையை வெயிலில் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் நேராகவே கேட்டார். "எங்கள அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுருவாங்களாமே, நெசமா? என் மகளுக்கு இந்த வருசம் பத்தாவது. அங்கேருந்து இவ எப்படிப் பள்ளிக்கூடம் போவா?"

"அதுக்குத்தான் வந்திருக்கேன். கண்டுபிடிச்சிரலாம்" என்றேன். எனக்கு வாய் எப்போதும் கொஞ்சம் முந்தும்.

அன்று சாயங்காலமே கண்டுபிடித்தும்விட்டேன். அப்படித்தான் நினைத்தேன். பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, பம்பு நின்ற நாட்களையெல்லாம் கிழமைவாரியாகப் போட்டேன். பெரும்பாலும் சனி, ஞாயிறு. நான் சுவரிலிருந்து குதித்தேன். டீக்கடைக்காரர், "லாட்டரி அடிச்சோ?" என்றார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். துவைக்கிறார்கள், குளிக்கிறார்கள், பம்பு அதிக நேரம் ஓடுகிறது, சூடாகிறது, கயிறு கருகுகிறது. இரண்டாவது தொட்டி ஒன்று கட்டிவிட்டால் போதும். எவ்வளவு அழகான கோடு!

வியாழக்கிழமை அந்த அழகான கோட்டை மேனேஜரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"ஆக, அவங்க ஞாயித்துக்கிழமை தண்ணியைக் கன்னாபின்னான்னு செலவு பண்றாங்க. பம்பு தாங்கல."

"அப்படியில்ல சார்..."

"நீங்கதானே காட்டறீங்க? புதுத் தொட்டிக்கு ஹெட் ஆபீஸ் ஒத்துக்காது. உங்க ரிப்போர்ட்டை லெட்டரோட வச்சு அனுப்பிடறேன். ரொம்ப உதவியா இருந்துச்சும்மா."

நான் போட்ட கோடு அவர்கள் வீட்டைக் காலி பண்ணுகிற காகிதத்தோடு போகப்போகிறது. "ரிப்போர்ட் இன்னும் முடியல சார், ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நான் பம்ப் ரூமுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. எஸ்டேட்டில் சிக்னல் இல்லாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம், தேவையே இல்லை.

"வாங்க மேடம்" என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமல். "நாங்க தண்ணியக் கொட்டிக் கும்மாளம் போடுறோம்னு ஒங்க போன் சொல்லுச்சாமே? நேத்து ரொட்டிக்கு மாவு பெசஞ்ச தண்ணியையும் கணக்குல சேத்துக்கங்க."

மறுபடி பாலத்துச் சுவருக்குப் போனேன். மூடுபனி இறங்கி டீக்கடையை விழுங்கியிருந்தது. கோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அது பொய் சொல்லவில்லை. நான்தான் அதன் வாயில் பதிலைத் திணித்திருக்கிறேன். அதிகச் செலவுதான் காரணம் என்றால், அதிகம் செலவான எல்லா நாட்களிலும் பம்பு நின்றிருக்க வேண்டும். குரல்களை மறுபடி கேட்கத் தொடங்கினேன், இந்த முறை பின்னால் ஒலிக்கிற சத்தங்களுக்காக. சித்திரையில் ஒரு பதிவு. தப்பட்டைச் சத்தம், ஒலிபெருக்கி, அக்கா கத்திப் பேசுகிறார்: "மாரியம்மன் திருவிழா, ஊரு ஒறவெல்லாம் வந்து கெடக்கு, பம்ப காலையிலேருந்து நிறுத்தவேயில்ல. நல்லா ஓடுது." அதற்கு அடுத்த வாரமும் நிற்கவில்லை. அதற்கு அடுத்ததும். எல்லோரும் வந்து குளித்துச் சமைத்து ஆடிய நாட்களில் பம்பு ஜோராக ஓடியிருக்கிறது!

அந்த வாரங்களில் வேறு என்ன இருந்தது? எது இல்லை? இன்னொரு பதிவில் மணியண்ணன், "துரை லீவுல ஊருக்குப் போயிட்டாருங்க, ஃபேக்டரியே கல்யாண வீடு மாதிரி இருக்குது" என்று சிரிக்கிறார். அதைக் கேட்டேன், கடந்தும் போய்விட்டேன். ஒரு மேனேஜரின் லீவுக்கும் பம்புக் கயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் பம்ப் ரூமுக்குப் போனபோது மணியண்ணன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். குரலில் மட்டும் தெரிந்த மனிதர், சூலூர்க்காரர், என்னைப் பார்த்ததும் "நம்மூர்ப் புள்ள" என்று எழப் பார்த்தார். கையில் ஸ்பேனர். கிளாண்டின் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி ஒரு இழுப்பு இழுத்தார். சொட்டு மெலிந்தது. இன்னொரு இழுப்பு. சொட்டு நின்றது. அக்கா குனிந்து கடைசி ஈரத்தைத் துடைத்தெடுத்தார்.

"என்னங்ணா பண்றீங்க?"

"ஒண்ணுமில்லீங். துரை வர்ற நேரமுங்."

"அதுக்கு எதுக்குங்ணா இறுக்கறீங்க?"

"அவரு வர்றப்பச் சொட்டிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? ஊட்டுக்கு விருந்தாளி வந்தா மூஞ்சி கழுவி நிக்கறதில்லீங்களா, அந்த மாதிரித்தான். அவரு போனதும் தளர்த்திருவனுங்." கொஞ்சம் யோசித்தார். "சில வாரம் ஃபேக்டரியில இருந்து ஆளு வந்து என்னைய வேற வேலைக்கு இழுத்துட்டுப் போயிருவாங்க. திங்கக்கெழமை பாத்துக்கலாம்னு உட்டுருவேன்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "குரூப்புல ஒரு தடவைகூட இதைச் சொல்லவே இல்லீங்களே!"

"இதையெல்லாம் எதுக்குங் சொல்லிக்கிட்டு? இதென்ன ரிப்பேரா? மரியாதைங்."

போனை எடுத்தேன். கிளாண்டின் மேல் ஒட்டிய சென்சாரின் கோடு, மூன்று நாளாகத் தூங்கிக்கொண்டிருந்தது, தலையைத் தூக்கி ஏறத் தொடங்கியிருந்தது. அந்தக் கயிறு தண்ணீரிலேயே வாழ்வது. தண்டோடு உரசும் சூட்டை அந்தச் சொட்டுதான் வெளியே எடுத்துப் போகிறது. மணியண்ணனுக்கும் இது தெரியும். அதனால்தான் மற்ற நாட்களில் சொட்ட விடுகிறார். வெள்ளிக்கிழமை காலை மட்டும் மரியாதை குறுக்கே வருகிறது. தளர்த்த மறந்த வாரத்தில் சனியோ ஞாயிறோ கயிறு கருகுகிறது. துரை லீவில் போனால் மரியாதைக்கு வேலை இல்லை, பம்பு ஓடுகிறது. ஒருவரும் எதையும் மறைக்கவில்லை. ரிப்பேர் என்று நினைத்ததை மட்டும்தான் சொல்வார்கள், அவ்வளவுதான்.

வாசலில் ஷூவைக் கழற்றும் சத்தம். மேனேஜர் உள்ளே வந்தார். தரையில் விரல் வைத்தார், பார்த்தார். "வெரி குட்."

அக்காவும் மணியண்ணனும் நிமிர்ந்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"சார், இந்தத் தரை ஈரமா இருக்கணும்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், ரொட்டி போட்டதற்காக வருந்துகிறார் என்று தெரிந்தது.

மூச்சு விடாமல் சொன்னேன். கயிறு, சொட்டு, வெள்ளி, திருவிழா, லீவு. நான் முடிக்கும்வரை மேனேஜர் கேட்டார்.

"அப்ப என்னாலதான் பம்பு நிக்குதுன்னு சொல்றீங்க."

"உங்களாலன்னு சொல்லல சார். வெள்ளிக்கிழமையாலன்னு சொல்றேன்."

மணியண்ணன் இருமினார். சிரிப்பை இருமலாக்கியது எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் நல்லது.

"நேத்து ஞாயித்துக்கிழமைன்னீங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்கு எந்தக் கிழமை?"

"நேத்துச் சொன்னது தப்பு சார். அவசரப்பட்டுட்டேன். என் பேச்சை நம்பவேண்டாம், அந்தக் கிளாண்டைத் தொட்டுப் பாருங்க."

தரையைச் சோதித்த அதே விரலைக் கிளாண்டின் மேல் வைத்தார். வெடுக்கென்று எடுத்தார். இன்னொரு முறை வைத்தார். எடுத்தார். ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டார்.

"எப்பவும் இப்படிச் சுடுமா, மணி?"

மணியண்ணன் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "இறுக்குனா சுடத்தானுங் செய்யும், சார்."

"அப்ப ஏன்யா இறுக்கறே?"

"உங்களுக்காகத்தானுங்."

மேனேஜர் சுட்ட விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "புதுக் கயிறு போடுங்க. சொட்ட விடுங்க. ஆனா ஞாயித்துக்கிழமை நின்னுச்சுன்னா திங்கக்கிழமை காலையில லெட்டர் போகும். அப்புறம் எந்தக் கோட்டையும் என்கிட்டக் கொண்டுவராதீங்க" என்று சொல்லிவிட்டு மேலேறிப் போனார்.

நானும் மணியண்ணனும் பழைய கயிற்றை உருவினோம். ஒரு மணி நேர இறுக்கலிலேயே உள்வளையம் கறுக்கத் தொடங்கியிருந்தது. புது வளையங்களைப் போட்டோம். கீழே தகரத்தை மடித்து சொட்டை ஏந்த ஒரு தட்டு வைத்து, அதிலிருந்து ஒரு குழாயை வெளியே சாக்கடைக்கு விட்டோம். தரை நனையாது, கயிறும் காயாது. ஆனால் சொட்டுகிற சத்தம் கேட்கும். அதுதான் அக்காவின் பிரச்சினை. சனிக்கிழமை நான் டீ குடித்துவிட்டு வந்தபோது அவர் கையில் ஸ்பேனர் இருந்தது.

"அக்கா!"

"இறுக்கல மேடம், தொட்டுப் பாத்தேன். நான் பாத்துக்கிட்டு இருக்க, அது பாட்டுக்கு ஒழுகுது. எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது." ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். "இத நீங்களே வச்சிருங்க. ராத்திரி என்னை நம்ப முடியாது."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பம்பு ஓடியது. மேல் லைனில் எல்லோரும் வேண்டுமென்றே துவைத்தார்கள் என்று நினைக்கிறேன். போர்வை, திரைச்சீலை, சாக்குப்பை, எதையும் விடவில்லை. மதியம் மூன்று மணிவாக்கில் பம்பு சட்டென்று அடங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. மேலிருந்து யாரோ அலறினார்கள். அக்கா கிளாண்டில் கையை வைத்தார். "சில்லுனு இருக்கு" என்றார். அப்புறம்தான் தலைக்கு மேலே பார்த்தோம். பல்பும் அணைந்திருந்தது. கரன்ட் போயிருக்கிறது! இரண்டு பேரும் அந்தச் சிவப்புத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தோம். கரன்ட் வந்ததும் பம்பு எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

திங்கட்கிழமை காலை மேனேஜர் லெட்டரைக் கிழிக்கவில்லை. டிராயரைத் திறந்து உள்ளே வைத்தார். "மழை முடியட்டும், பார்ப்போம்" என்றார். போகும்போது ஒன்று கேட்டேன். வெள்ளிக்கிழமை ரவுண்டை நிறுத்தவேண்டாம், வரும்போது கிளாண்டையும் தொட்டுப் பார்த்துக் குரூப்பில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "என் குரலை எதுக்கும்மா அதுல?" என்று முனகினார்.

மழை முடிந்து மறுபடி போனேன். இந்த முறை பஸ்ஸை நிறுத்தியது மாடு இல்லை, சாய்ந்து விழுந்த ஒரு யூகலிப்டஸ் மரம். பயணிகளே இறங்கி அரிவாளோடு வெட்டி ஓரமாகத் தள்ளினோம், நானும் ஒரு கிளையை இழுத்தேன். நடுவில் பம்பு ஒரே ஒரு முறை நின்றிருந்தது. ஏதோ மரச்சருகு, ஓடைக்குள் இருக்கிற குழாயின் அடிவால்வில் அடைத்து நின்றது, அதுவும் அரை நாளில் சரியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் குரூப்பில் ஒரு கட்டைக்குரல்: "கிளாண்டு சில்லுனு இருக்கு. சொட்டுது. தரை... ஓகே." அந்த 'தரை'க்கும் 'ஓகே'க்கும் நடுவில் ஒரு பெருமூச்சு கேட்கும்.

ஹெட் ஆபீஸ் மேல் லைனை மாற்றும் பேச்சை விட்டுவிட்டது என்று மேனேஜர் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் முழுதாக இல்லை. மேஜைமேல் ஒரு மனு. மேல் லைன் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், முதல் கையெழுத்து செல்வராணி அக்காவுடையது. அந்த நேரத்துக்கு அவரும் வாசலில் வந்து நின்றார்.

"பாருங்கம்மா, போன மாசம் வரைக்கும் எங்களை மாத்தாதீங்கன்னு அழுதாங்க. இப்ப வீட்டுக்கு வீடு உள்ள குழாய் வேணுமாம்."

"தண்ணிதான் நிக்காம வருதே தொர" என்றார் அக்கா. "அப்புறம் நாங்க ஏன் வெளிய குளிர்ல நின்னு புடிக்கணும்?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பம்பு தாங்குமா?"

நான் ஏற்கெனவே மனுவைத் திருப்பிப்போட்டு, அதன் பின்பக்கத்தில் மேல் லைனை வரைந்துகொண்டிருந்தேன். வாய் முந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

"தாங்கும்னு இப்பவே சொல்லமாட்டேன் சார்" என்றேன். "ஒரு வாரம் குடுங்க. சொல்றேன்."

"ஒரு வாரம்னா, நம்ம வீட்லயே தங்கிருங்க மேடம்" என்றார் அக்கா. "ரொட்டிக்குத் தண்ணி கணக்குப் பாக்கமாட்டேன்."